படைப்புழுவின் குடலுக்கு மருந்தென்று பொட்டலம் விற்கிறார்கள்

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாலு பரப்புக் காணியில் சோளம் போட்டிருக்கிறாராம், படைப்புழு குருத்துக்குள் இறங்கிவிட்டது, ஒரே மருந்தை மூன்று தரம் அடித்தும் கேட்கவில்லை. கடைக்காரர், "அண்ணை, புழுவின்ரை குடலுக்குள்ளை இருக்கிற கிருமிதான் மருந்தைத் தின்னுது, இந்தப் பவுடரையும் கலந்து அடியுங்கோ" என்று லேபிள் இல்லாத ஒரு பொட்டலத்தைக் காட்டியிருக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம்.

இந்தப் புழு அமெரிக்கக் கண்டத்துச் சாமான். 2016 இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. புது ஊர், புது வெயில், புது மருந்து எல்லாவற்றையும் சமாளிக்க அதன் குடலில் வாழும் பக்டீரியாவும் கைகொடுக்கிறது. புழு ஒரு தலைமுறை கடக்க ஒரு மாதம் வேண்டும், பக்டீரியா மணிக்கணக்கில் பெருகி மாறிக்கொண்டே இருக்கும். பிரேசிலில் படைப்புழுவின் குடலிலிருந்து எடுத்த சில பக்டீரியாக்கள் பூச்சிமருந்தையே சாப்பாடாக்கி ஆய்வுகூடத்தில் வளர்ந்திருக்கின்றன. கோப்பிக்காய் துளைக்கும் வண்டு கஃபீனைத் தாங்குவதும் குடல் பக்டீரியாவின் தயவில்தான்.

உங்களுக்கு அதைவிட முக்கியமானது ஜப்பான் கதை. அங்கே சோயாவில் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி, தனக்கு வேண்டிய பக்டீரியாவை ஒவ்வொரு தலைமுறையிலும் மண்ணிலிருந்துதான் எடுக்கிறது. ஃபெனிட்ரோதியன் என்ற மருந்தைத் திரும்பத் திரும்ப விட்ட மண்ணில் அந்த மருந்தைத் தின்னும் பக்டீரியா பெருகியது, அதை எடுத்துக்கொண்ட பூச்சி அதே தலைமுறையில் மருந்துக்கு அசையாததாகிவிட்டது. படைப்புழு அப்படி மண்ணிலிருந்து எடுக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, அதன் சொந்த மரபணுவிலேயே சில மருந்துகளுக்கான எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரே மருந்தை மூன்று தரம் அடித்தால் என்ன நடக்கும் என்று விளங்குகிறதல்லவா?

பொட்டலத்துக்குள் என்ன? பக்டீரியாவைக் கொல்ல கோழிக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் என்பது என் ஊகம். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சத்தை அடைத்துவிட்டு உள்ளே இருக்கிற புழுவுக்கு அது எவ்வளவு போய்ச் சேரும்? மிச்சமெல்லாம் எங்கள் சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம். பில் கேளுங்கள், தரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். பீ.ரி. என்று ஒரு மருந்து உண்டு, பசிலஸ் துரிஞ்சியென்சிஸ். அதுவும் பக்டீரியாதான், குடலில்தான் வேலை செய்யும், ஆனால் குடல் பக்டீரியாவைக் கொல்வதற்கல்ல, புழுவின் குடல் சுவரையே ஓட்டையாக்குவதற்கு. புழு அதைத் தின்ன வேண்டும், சின்னப் புழுவாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் பின்னேரம்தான் அடிக்க வேண்டும். பதிவு இலக்கம், காலாவதித் திகதி இரண்டும் உள்ள போத்தல் என்றால் சரி. அதோடு அந்தப் பொட்டலத்தைக் கலந்தால் காசு கொடுத்து வாங்கிய பக்டீரியாவையே நீங்கள் கொல்லக்கூடும்.

இப்போது செய்ய வேண்டியது: அடித்த மருந்தை நிறுத்துங்கள். லேபிளில் பெயர் வேறாக இருந்தால் போதாது, உள்ளிருக்கும் மருந்தின் வகை வேறாக இருக்க வேண்டும். மூன்று கொம்பனி மூன்று பெயரில் ஒரே மருந்தை விற்கும், லேபிளில் அந்த எழுத்தோ எறும்பளவு. வாரத்துக்கு இரண்டு தரம் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு போர்த்திய மாதிரி நூறு, இருநூறு முட்டை ஒன்றாக இருக்கும், விரலால் நசித்துவிடுங்கள். நாலு பரப்புக்கு அது முடியும். பெரிய புழு இருக்கும் குருத்துக்குள் ஒரு பிடி மணல் போடுங்கள்.

விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள் என்று சொல்வது சுலபம். ஒருவருக்கு எத்தனை கிராமம், துண்டுப்பிரசுரம் வந்து சேரும்போது சோளம் முற்றிவிடும். என்றாலும் போங்கள், அடித்த மருந்தின் வெறும் போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள், அந்தப் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.