வாசகர் கேள்வி பதில்: "இது அவன் இல்லை!"

கேள்வி: என் மகள் வரிவரியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கதைப்புத்தகம் படமாகிறது. விளம்பரத்தில் கதாநாயகனின் முகத்தைக் கண்டதிலிருந்து, "இது அவன் இல்லை" என்று அழுகிறாள். படம் வெளியாகும்வரை அவளை எப்படித் தேற்றுவது?

பதில்: அவளுடைய ஏமாற்றம் நியாயமானதே. ஆனாலும் அசையாத ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பெழுதிவிட வேண்டாம். எழுத்தாளர் மைக்கேல் பாண்ட் 1958இல் தம் குழந்தைக் கதைப்புத்தகத்தில் அறிமுகப்படுத்திய பாடிங்டன் கரடிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பெகி ஃபோர்ட்னம் வரைந்த கோட்டோவியங்களிலும், பின்னர் 1970களில் பிபிசி ஒளிபரப்பிய பொம்மைப் படங்களிலும் அவனைக் கண்டு வளர்ந்தவர்கள், 2014 ஜூன் மாதத்தில் புதிய திரைப்படத்தின் படங்கள் வெளியானபோது திகைத்துப்போயினர். கணினியில் முடிமுடியாக உருவாக்கப்பட்ட அந்த முகம் அச்சமூட்டுவதாகச் சொல்லி, அதைப் பேய்ப்படக் காட்சிகளில் ஒட்டிக் கேலி செய்தவர்களும் உண்டு. அதே மாதத்தில், கரடிக்குக் குரல் கொடுக்கவிருந்த நடிகர் காலின் ஃபிர்த், தமது முதிர்ந்த குரல் அவனுக்குப் பொருந்தவில்லை என்று படக்குழுவினரோடு சேர்ந்து முடிவெடுத்து விலகினார். இளமையும் தயக்கமும் கலந்த குரலுடைய பென் விஷா அந்த இடத்துக்கு வந்தார்.

நவம்பர் இறுதியில் படம் வெளியானதும் கேலி அடங்கிவிட்டது. முகத்தை யாரும் தலைகீழாக மாற்றிவிடவில்லை. அது அசையத் தொடங்கியது, அவ்வளவுதான். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, வீட்டையே வெள்ளக்காடாக்கும்போதும், அவன் யாருக்கும் தீங்கு நினைக்காத, மரியாதை தவறாத அதே கரடியாகவே இருந்தான். குழந்தைகள் முகத்தைப் பற்றித்தான் முறையிடுவார்கள்; ஆனால் அவர்கள் உண்மையில் காவல் காப்பது குணத்தை என்பது என் எண்ணம்.

ஆகவே, "படம் நன்றாகத்தான் இருக்கும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; அது உங்கள் கையில் இல்லை. மாறாக, அந்த நாயகன் எந்த நிலையிலும் செய்யாதவை எவை, சொல்லாதவை எவை என்று அவளிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பொய் சொல்லமாட்டான், நண்பனை விட்டுவிட்டு ஓடமாட்டான் என்று அவள் எழுதும் பட்டியலோடு திரையரங்குக்குப் போனால், மூக்கின் நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு அவன் நடத்தையை அளப்பாள். அந்தத் தேர்வில் படம் தோற்றால் அவள் தாராளமாகக் கோபப்படலாம், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: புத்தகத்தை முன்பே படித்துக் காட்டிவிட வேண்டுமா, படம் பார்த்த பிறகா?

பதில்: முன்பே. முழுவதையும் முடிக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று அத்தியாயங்கள் போதும். படத்தைப் பார்த்தபின் பக்கத்தைத் திறந்தால் நடிகரின் முகமும் குரலும் முந்திக்கொண்டு வந்து நிற்கும்; அவற்றை விலக்குவது எளிதன்று.

கேள்வி: எழுதியவருக்கே படம் பிடிக்காமல் போனால், நாம் ரசிப்பது முறையா?

பதில்: தாராளமாக ரசிக்கலாம். மேரி பாப்பின்ஸ் என்ற குழந்தை வளர்ப்புத் தாதியை 1934இல் தம் கதையில் படைத்த எழுத்தாளர் பி. எல். டிராவர்ஸ், படமாக்கும் உரிமையைக் கேட்டு வந்த வால்ட் டிஸ்னியைப் பல ஆண்டுகள் காக்கவைத்தார். 1964இல் படம் வெளியானபோது, அதில் கார்ட்டூன் உருவங்கள் ஆடிப்பாடும் பகுதியை அவர் அறவே வெறுத்தார். புத்தகத்தில் கண்டிப்பும் கர்வமும் நிறைந்த அந்தத் தாதி, திரையில் இனிமையானவளாகிவிட்டது உண்மை. அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றதையும், அதன் வழியாகப் பலர் புத்தகத்தைத் தேடிச் சென்றதையும் மறுக்க முடியாது. மைக்கேல் பாண்டின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. பாடிங்டன் வாடகைக் காரில் லண்டன் தெருவைக் கடக்கும் காட்சியில், கண்ணாடிக் கோப்பையை உயர்த்தி அவனை வாழ்த்தும் முதியவர் அவரேதான். உங்கள் வீட்டுக் குழந்தை படம் பார்க்கும்போது காட்டிக்கொடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுவார்.