கடைசியில் வருகிறவன்

மதிப்பிற்குரிய ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினைந்து வருடமாக ஃபார்முலா ஒன் பார்க்கிறேன். வருகிற ஞாயிறு, 2025 டிசம்பர் 7, அபுதாபியில் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். மெக்லாரன் அணியின் நாரிஸ் 408 புள்ளி, ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 396, மெக்லாரனின் இன்னொரு ஓட்டுநர் பியாஸ்ட்ரி 392. நான் வெர்ஸ்டாப்பன் பக்கம். திங்கட்கிழமையிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. போன ஞாயிறு கத்தாரில் மெர்சிடிஸ் அணியின் அந்தப் பையன் அன்டோனெல்லி கடைசிக்கு முந்தின சுற்றில் நாரிஸுக்கு வழிவிட்டு இரண்டு புள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆத்திரம் தாங்காமல் அவன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நானும் நாலு வார்த்தை எழுதிவிட்டு வந்தேன். 2021-ல் லத்தீஃபி எங்களுக்குக் கைகொடுத்தான்; இந்த முறை எவன் காலை வாருவானோ என்று பயமாக இருக்கிறது.

என் கேள்வி இதுதான். நாரிஸ் ஜெயிப்பதற்காக பியாஸ்ட்ரியை ஒதுங்கிப்போகச் சொல்ல மெக்லாரனுக்கு உரிமை உண்டா? இன்னொன்று, அதே ஞாயிறு மாலை அத்தை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பந்தயம் ஆறரைக்கு ஆரம்பம். போகாமல் இருந்தால் தப்பா?

பிரகாஷ்

அன்புள்ள பிரகாஷ்,

தூக்கம் வராததைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? 24 பந்தயம் ஓடுகிற வருடத்தில் கடைசி வாரத்திலும் மூன்று பேருக்கு வாய்ப்பு மிச்சமிருப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. 2010-ல் நான்கு பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் இந்த வருடம்தான். கடையில் ஏதோ ஒரு பில்லின் பின்பக்கத்தில் நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். நானும் போட்டேன். வெர்ஸ்டாப்பன் ஜெயித்தால் 421. நாரிஸ் மூன்றாவது வந்தால் 423. நாரிஸ் நான்காவதாகப் போனால் 420, கோப்பை கைமாறிவிடும். ஒரே ஒரு இடம். இதை வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு வாரம் விழித்திருக்கலாம், தப்பில்லை.

அணி உத்தரவு பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. சம்பளம் கொடுப்பவர்கள் சொல்வார்கள், கேட்பதும் கேட்காததும் பியாஸ்ட்ரியின் பாடு.

ஆனால் அன்டோனெல்லி விஷயத்தை அப்படி விட முடியாது. அந்த நாலு வார்த்தை என்ன வார்த்தை? அத்தை பக்கத்தில் இருந்தால் உரக்கப் படிக்க முடியுமா? அவனுக்கு வயது 19. அன்று அவன் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தான், முன்னால் போன சைன்ஸைப் பிடித்தால் மேடை ஏறலாம் என்று துரத்திக்கொண்டிருந்தான். முன்னால் போகிற காரை நெருங்கினால் கலங்கிய காற்றுதான் கிடைக்கும், இறக்கைகளுக்குப் பிடி இருக்காது. வளைவில் கார் உதறியது, வெளியே போனான், திரும்பி வருவதற்குள் நாரிஸ் தாண்டிவிட்டார். போன இரண்டு புள்ளி அவனுடையதும்தான். வேண்டுமென்று விட்டான் என்று பேசிய ரெட் புல் அணியே மறுநாள் அது தவறு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தது. அதற்குள் ஆயிரத்துக்கு மேல் வசவுகளும் கொலை மிரட்டல்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்று ஈரோட்டிலிருந்து போயிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. கடைசிப் பந்தயம் நெருங்கும்போது இந்த வியாதி எல்லோருக்கும் வருகிறது. இருபது பேர் ஓடுகிற களத்தில் இரண்டு மூன்று பேர்தான் மனிதர்கள், மற்றவர்கள் எல்லாம் வழியில் கிடக்கிற கல் என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

2008 நவம்பர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் இன்டர்லாகோஸ். நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. கோப்பைக்கு மாசாவும் ஹாமில்டனும் போட்டி. மாசா தன் சொந்த ஊரில் ஜெயித்துவிட்டார். ஹாமில்டன் ஐந்தாவது வந்தால்தான் கோப்பை. கடைசிச் சுற்றில் ஆறாவதாக இருக்கிறார். மாசாவின் குடும்பம் அணிக் கூடாரத்தில் கட்டிப்பிடித்துக் கூத்தாடிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வளைவுகளில் டிமோ க்ளாக்கின் டொயோட்டாவை ஹாமில்டன் தாண்டுகிறார். 98-க்கு 97. அன்றிலிருந்து க்ளாக் 'விலைபோனவன்' ஆகிவிட்டார். பல வருடம் அவருக்கு மிரட்டல் வந்தது.

இந்த ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன். எத்தனை பேரிடம் விளக்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை, உங்களிடமும் விளக்குகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். மழை வருவதற்கு முன்னால் ஹாமில்டன் நான்காவது, வெட்டல் ஐந்தாவது. க்ளாக் அவர்களுக்குப் பின்னால். கடைசி ஐந்தாறு சுற்று இருக்கும்போது மழை பிடித்தது. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே வந்து மழை டயர் மாற்றினார்கள். டொயோட்டா மட்டும் தன் இரண்டு கார்களையும் காய்ந்த தரைக்கான டயரிலேயே ஓடவிட்டது. அதனால்தான் க்ளாக் நான்காவது இடத்துக்கே வந்தார். ஹாமில்டன் ஐந்தாவது ஆனார், பிறகு வெட்டல் தாண்டியதும் ஆறாவது. சரி, க்ளாக்கும் மற்றவர்களைப் போல உள்ளே வந்திருந்தால்? அவர் பழையபடி ஹாமில்டனுக்குப் பின்னால் இருந்திருப்பார். வெட்டல் தாண்டிய பிறகும் ஹாமில்டன் ஐந்தாவதாகவே இருந்திருப்பார். மாசா குடும்பத்துக்கு அந்தச் சில நொடி சந்தோஷம்கூடக் கிடைத்திருக்காது. மாசாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை க்ளாக் கொடுத்தது. கொட்டுகிற மழையில் வழுக்குகிற டயரோடு, பின்னால் வருகிறவர்கள் விர்ரென்று தாண்டிப் போக, காரைச் சுவரில் மோதாமல் வீடு சேர்க்கப் பாடுபட்ட மனிதரை விலைபோனவன் என்கிறார்கள். கூட ஓடிய ட்ருல்லியும் அதே டயரில் அதே மாதிரிதான் தவழ்ந்து வந்தார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அவரைத் தாண்டியதில் யாருக்கும் கோப்பை கிடைக்கவில்லை.

லத்தீஃபியும் அப்படித்தான். 2021 அபுதாபிக் கடைசிப் பந்தயத்தில் 53-வது சுற்றில் சுவரில் மோதினார், கார் ஓட்டுகிறவனுக்கு நடப்பதுதான். அதற்கப்புறம் எந்தெந்தக் கார்கள் தாண்டிப் போகலாம் என்று முடிவெடுத்தது பந்தய இயக்குநர். அந்த முடிவால்தான் வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றில் ஹாமில்டனைத் தாண்டிக் கோப்பை வாங்கினார். லண்டனில் மெய்க்காவலர் வைத்துக்கொள்ள வேண்டிவந்தது லத்தீஃபிக்கு. உங்களுக்கு அவர் கைகொடுத்தார் என்று எழுதுகிறீர்களே, அதுவும் இதே வசவின் மறுபக்கம்தான். அவர் யாருக்கும் கைகொடுக்கவில்லை.

இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரர்கள் விவகாரம் இல்லை, பிரகாஷ். நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் இந்தக் கூண்டில் ஏறி நிற்பதிலிருந்து மயிரிழையில் தப்பினார். 2012 மார்ச், மலேசியா. எச்.ஆர்.டி. என்ற ஏழை அணி, களத்திலேயே மெதுவான கார். நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல், ஒரு சுற்று பின்தங்கிய அவரைத் தாண்டும்போது உரசி டயர் கிழிந்து, 11-வதாகப் போய் முடித்தார். 12 புள்ளி காலி. நடுவர்கள் தண்டனையை நரேனுக்குக் கொடுத்தார்கள். வெட்டல் ஜெர்மன் வசவில் 'வெள்ளரிக்காய்' என்றார். மோசமாக வண்டி ஓட்டுகிறவனை அங்கே அப்படிச் சொல்வார்களாம். அந்த வருடம் கோப்பையை வெட்டல் எத்தனை புள்ளியில் ஜெயித்தார் தெரியுமா? மூன்று. வெட்டல் 281, அலோன்சோ 278. அந்த மூன்று புள்ளி மட்டும் வேறு மாதிரி போயிருந்தால், இன்றைக்கும் உலகம் முழுக்க நம் ஆளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா மகன் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். அங்கே வேலை செய்த ஒரு பையனுக்கு பைக் பந்தயப் பைத்தியம். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் ஓட்டுவான். ஒரு வருடம் கடைசிப் போட்டி. நாங்கள் ஆதரித்த ஒருவரும் இன்னொருவரும் கோப்பைக்கு முட்டி மோதிக்கொண்டு வருகிறார்கள். பட்டறைப் பையன் ஒரு சுற்று பின்னால். பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிடு என்று நீலக்கொடி காட்டினார்கள். அவன் ஓரமாக ஒதுங்கினான். ஓரத்தில் மண். முன்சக்கரம் வழுக்கி விழுந்தான், வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு நடுவில் வந்தது. எங்கள் ஆள் பிரேக் பிடித்தார். கோப்பை போயிற்று.

"கடைசியில வர்றவனுக்கு எதுக்குய்யா வண்டி?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கத்தியது. கத்தியது நான்.

சாயங்காலம் அண்ணனோடு அவனைப் பார்க்கப் போனேன். வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான், இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளங்கைப் பக்கம் கிழிந்த கையுறையை நைலான் நூலால் தைத்திருந்தான், தையல் பிரிந்து தொங்கியது. பின் டயரின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் வேறு யாருடைய வண்டி எண்ணோ எழுதி, அதைச் சுரண்ட முயன்ற தடம் இருந்தது. வேறொருவர் ஓட்டித் தேய்த்துக் கழற்றிப்போட்டதை வாங்கி மாட்டியிருக்கிறான். அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அவன் பாட்டுக்கு லைன்லயே போயிருந்தா விழுந்திருக்க மாட்டான் தம்பி. வழி விட்டான், அதான் விழுந்தான்." பையன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உட்காரச் சாக்கை விரித்துப் போட்டான், ஒற்றைக் கையால்.

நரேன் மலேசியாவில் ஓரம் போன படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்தான் ஞாபகம் வரும்.

அதே 2012-ன் கடைசிப் பந்தயம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நவம்பர் 25, மறுபடியும் இன்டர்லாகோஸ். முதல் சுற்றிலேயே வெட்டல் இடிபட்டு எதிர்த்திசையில் திரும்பி நின்றார். பின்னால் வந்த கார்கள் அவரை முகத்துக்கு முகம் பார்த்தபடி இரண்டு பக்கமும் விலகிப் போயின. அவர்களில் யாராவது அரை நொடி தாமதித்திருந்தால் வெட்டலுக்கு அந்த வருடம் இல்லை. அவர் எழுந்து வந்து ஆறாவதாக முடித்தார், கோப்பை வாங்கினார். டிவி முழுக்க அவரையும் அலோன்சோவையும்தான் காட்டியது. அதே நேரம் பின்னால், பந்தயம் முடிய இருக்கும்போது, கேட்டர்ஹாம் அணியின் பெட்ரோவ் மருசியாவின் சார்லஸ் பிக்கைத் தாண்டினார். கடைசியில் 11-வதாக வந்தார். ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனால் புள்ளியே இல்லாத அணிகளை, எது மேலே முடித்தது என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள்; அந்த 11-வது இடத்தால் அவர் அணி அந்த வருட அணிகள் பட்டியலில் பத்தாவது இடத்தைப் பிடித்தது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பரிசுப் பணத்தில் கோடிக்கணக்கில் வித்தியாசம். எத்தனையோ தொழிலாளர்களின் அடுத்த வருடச் சம்பளம் அதில் இருந்தது. 2010 அபுதாபியில் அலோன்சோவை நாற்பது சுற்றுப்பக்கம் தாண்டவிடாமல் வைத்திருந்து, பந்தயம் முடிந்ததும் அலோன்சோ கையை ஆட்டித் திட்டியதை வாங்கிக்கொண்டாரே, அதே பெட்ரோவ்தான். அன்றைக்கு அவரும் ஆறாவது இடத்துக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், அடுத்த வருடம் வேலை உறுதியில்லாத நிலையில்.

2012 இன்டர்லாகோஸ்தான் பெட்ரோவுக்குக் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். நரேனுக்கும் அதுதான் கடைசி. அவருடைய அணியே அதோடு மூடிவிட்டது. முன்னால் போனவர்களைவிடச் சில சுற்று குறைவாக, மழையில், அந்தக் காரை முழுசாக ஓட்டி முடித்துக் கொண்டுவந்தார்.

சரி, வரவேற்பு. ஆறரைக்கு ஆரம்பித்தால் பெரும்பாலும் எட்டு, எட்டேகாலுக்குள் முடிந்துவிடும். பந்தி ஒன்பதரை வரையாவது நடக்கும். அத்தையிடம் இப்போதே போன் பண்ணி, எட்டரைக்கு வந்துவிடுகிறேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். வெர்ஸ்டாப்பன் தோற்றாலும் போங்கள், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையில் நிற்காதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு, அன்டோனெல்லியின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய் நீங்கள் எழுதியதை அழித்துவிடுங்கள்.