வில்லங்கம் இல்லை என்றால் சிக்கல் இல்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம், அடமானம் ஏதுமில்லை. நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட சர்வே எண்ணுக்கும் காலத்துக்கும் உரிய பதிவான ஆவணங்களை மட்டுமே அந்தச் சான்று காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் வருவதில்லை. உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணைக் கொடுத்தும் தேடுங்கள். அசல் தாய்ப்பத்திரத்தை (சொத்து முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் மூலப் பத்திரத்தை) விற்பவர் காட்டத் தயங்கினால், அது எங்கேனும் கடனுக்காக ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

கேள்வி: நாங்கள் வாங்கவிருக்கும் வீட்டின் 1986ஆம் ஆண்டு கிரயப் பத்திரத்தில், வடபுறம் பத்து அடி காலியாக விட வேண்டும் என்றும், குடியிருப்பு தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் ஷரத்து உள்ளது. அப்போது விற்றவரின் வாரிசுகள் பக்கத்து மனையில் குடியிருக்கிறார்கள். அது எங்களைக் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தும் வாய்ப்பே அதிகம். ஒரு சொத்தை முழு உரிமையுடன் விற்றுவிட்டு அதன் அனுபவத்துக்கு (பயன்பாட்டுக்கு) நிபந்தனை போட்டால் அது செல்லாது என்பதே சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882இன் 11ஆம் பிரிவு கூறும் பொது விதி. ஆனால் விற்றவர் தம் மற்றொரு நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக விதித்த நிபந்தனைக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அத்தகைய தடையை, அதை அறிந்து வாங்கியவர் மீதும், இலவசமாகப் பெற்றவர் மீதும் அமல்படுத்தலாம் என்கிறது 40ஆம் பிரிவு; அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. பதிவான பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பின்னால் வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சட்டம் கொள்வதால், "நான் பார்க்கவில்லை" என்ற வாதம் எடுபடாது. லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டம் பற்றிய 1848ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், நிபந்தனை தெரிந்து வாங்கியவர் அதை மீறக் கூடாது என்றே முடிவானது. வில்லங்கச் சான்று பத்திரத்தின் எண்ணைத்தான் சொல்லும், ஷரத்தைச் சொல்லாது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, சொத்து விவரத்தோடு நிறுத்தாமல் முழுவதையும் படியுங்கள். அந்த வாரிசுகள் இசைந்தால், அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த ஆவணம் ஒன்றை விலை பேசுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தந்தை எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தில் "விற்கவே கூடாது" என்று இருக்கிறது. அந்த வீட்டை நாங்கள் விற்க முடியாதா?

பதில்: வீட்டை முழு உரிமையாகக் கொடுத்திருந்தால், அந்த முழுத்தடை அதே சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி செல்லாது. ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும் கொடுத்து, பிறகு பேரக்குழந்தைகளுக்கு என்று எழுதியிருந்தால், உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் விற்க இயலாது.

கேள்வி: பட்டா விற்பவர் பெயரில்தான் உள்ளது. அது போதாதா?

பதில்: பட்டா வருவாய்த் துறை ஆவணம், உரிமை மூலம் அன்று. அதோடு 'அ' பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில வகையைக் குறிக்கும் வருவாய்த் துறை ஏட்டையும்) பாருங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை வேறு சமூகத்தினருக்கு மாற்ற முடியாது. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணினிப் பட்டாவில் பஞ்சமி நிலம் என்ற குறிப்பு விடுபட்டிருக்கலாம் என்பதால், வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள பழைய நில ஏடுகளையும் கேட்டுப் பாருங்கள்.