அமெரிக்காவில் விடியற்காலை உடற்பயிற்சியும் ஜெபமும்: இந்துவான நான் சேரலாமா?

கேள்வி: அண்மையில் சார்லட் நகருக்குக் குடிவந்தேன். காலை ஐந்தரைக்கு ஆண்கள் மட்டும் கூடும் உடற்பயிற்சிக்கு வரச்சொல்லி பக்கத்து வீட்டுக்காரர் விடாமல் கூப்பிடுகிறார். முடிவில் ஜெபம் உண்டாம். இது மதமாற்றக் கூட்டமா? நான் இந்து. போகலாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். நான் ஏழு வருடமாகப் போகிறேன். நானும் இந்துதான், இன்றும் இந்துதான். ஆனால் "ஜெபமெல்லாம் சும்மா ஒப்புக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை நிஜமாகவே செய்கிறார்கள்.

சார்லட் என்பதால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அநேகமாக எஃப்-3 ஆக இருக்கும். ஃபிட்னஸ் (உடற்பயிற்சி), ஃபெலோஷிப் (தோழமை), ஃபெய்த் (நம்பிக்கை) என்ற மூன்று எஃப். அது பிறந்ததே உங்கள் ஊரில்தான். டேவிட் ரெடிங், டிம் விட்மயர் என்ற இருவர் 2011 ஜனவரி 1 அன்று தொடங்கினார்கள். இப்போது பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. அவர்களுக்கு ஐந்து விதிகள்: காசு கிடையாது, எந்த ஆணும் வரலாம், மழையோ பனியோ வெட்டவெளியில்தான், சான்றிதழ் எதுவும் இல்லாமல் வருகிறவர்களே முறைவைத்து நடத்துவார்கள், முடிவில் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும்.

இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இந்த ஊரில் எதையாவது சும்மா கொடுத்தால் பின்னாலேயே கையெழுத்துப் போட ஒரு ஃபாரம் வரும் அல்லவா? என் பக்கத்து வீட்டுக்காரர் நாலு மாதம் விடாமல் கூப்பிட்டார். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும்போதுகூடப் பிடித்துவிடுவார். இப்படி நச்சரிப்பதற்கு அவர்கள் அகராதியில் தனிப் பெயரே உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு ஜனவரி மாதம், தொல்லை தாங்காமல் ஒரு நாள் போய்விட்டு வந்து "முதுகு வலி" என்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்தும் இடம். கும்மிருட்டு. மண்வெட்டிக் கம்பில் அமெரிக்கக் கொடியைக் கட்டிப் புல்லில் குத்தி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய உறைநிலைக் குளிர். சுமார் பதினைந்து பேர் வாயிலிருந்து புகைவிட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நடத்துபவர் (அவரை 'க்யூ' என்பார்கள்) முதலில் ஒரு அறிவிப்புச் செய்தார்: "நான் பயிற்சியாளன் இல்லை, நீங்கள் விரும்பித்தான் வந்திருக்கிறீர்கள், முடியாததைக் குறைத்துச் செய்யுங்கள்." இந்தக் கடைசி வரியை நான் காதில் வாங்கவில்லை. தண்டால், பஸ்கி, ஓட்டம், அப்புறம் ஹாலோ பிளாக். ஆமாம், நம்மூரில் காம்பவுண்டுச் சுவர் கட்டும் அதே கல். அதற்கு இங்கே 'கூப்பன்' என்று பெயர். 15 கிலோ இருக்கும். அதைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆர்வக்கோளாறில் எல்லாரோடும் சரிசமமாகச் செய்தேன். அடுத்த மூன்று நாள் சட்டையை என் மனைவிதான் மாட்டிவிட்டாள்.

ஓட்டத்தில் நான் கடைசி. கடைசி என்றால் வெகுதூரக் கடைசி. முன்னால் ஓடி முடித்தவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள், என்னை நோக்கி. யாரும் "கமான், கமான்" என்று கத்தவில்லை. என் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு, நான் போன வேகத்திலேயே, என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. கடைசி ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். ஆறு மாதம் அந்தக் கடைசி ஆள் நான்தான்.

முடிந்ததும் வட்டம். எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் பெயர், வயது, பட்டப்பெயர் மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவனை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு, அங்கேயே ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். முழுப் பெயர் என்ன என்றார்கள். நம் ஆட்கள் பலருக்கும் இருக்கிற தொல்லை எனக்கும் உண்டு: பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டது, அதனால் விசாவில் முதல் பெயர் 'எஃப்.என்.யூ.', அதாவது முதல் பெயர் தெரியவில்லை. இதை விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் 'அன்னோன்'. சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பக்கம் நிற்கும்போது தூரத்திலிருந்து யாராவது "அன்னோன்!" என்று கத்தினால் என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். (எல்லாப் பட்டப்பெயரும் இவ்வளவு சாதுவாக இருக்காது. பிடிக்காவிட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் போகாது.)

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது எஃப் என்றால் கிறிஸ்தவம் என்று அவர்கள் சொல்வதில்லை. தன்னைவிடப் பெரிய ஒன்றை நம்புவது என்றுதான் விளக்கம் கொடுக்கிறார்கள். யூதர், முஸ்லிம், கடவுளே இல்லை என்பவர், யாரும் வரலாம். காகிதத்தில் அப்படி. ஆனால் நீங்கள் இருப்பது வட கரோலினா. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் நடைமுறையில் ஜெபம் இயேசுவின் நாமத்தில்தான் முடியும். "இரும்பை இரும்பு கருக்கிடும்" என்ற நீதிமொழிகள் வசனம் மாதம் ஒரு முறையாவது காதில் விழும். தோளில் கை போட்டு நிற்பார்கள், தலை குனிவார்கள். நீங்கள் சும்மா நிற்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த ஏழு வருடத்தில் இரண்டு பேர் என்னைச் சர்ச்சுக்கு அழைத்தார்கள். "நன்றி, வேண்டாம்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

எனக்கு இது உறுத்தாததற்கு வேறு காரணமும் உண்டு. நான் பாளையங்கோட்டைக்காரன், படித்தது மிஷன் பள்ளிக்கூடம். காலை ஜெபம் பத்து வருடம் கேட்டு மனப்பாடம். இவர்கள் கர்த்தருடைய ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்குள் அது தமிழில் ஓடும். அது பக்தியா பழக்கமா என்று நான் ஆராய்ந்ததில்லை. உங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லையென்றால் முதல் சில வாரம் கொஞ்சம் நெளியத்தான் செய்வீர்கள்.

இந்த உடற்பயிற்சி-ஜெபக் கூட்டு ஒன்றும் புதிதும் இல்லை. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் பிற்காலத்தில் அந்த வழியில்தான் போனது. உடல், மனம், ஆன்மா என்று மூன்று பக்கம் கொண்ட அவர்களின் முக்கோணத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அவர்களுடைய பயிற்சிப் பள்ளியில்தான். அங்கிருந்து நம்மூருக்கும் ஒரு கோடு உண்டு: ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் மெட்ராஸுக்கு வந்து 1920-இல் தொடங்கியதுதான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. எங்கள் பி.டி. சார் அங்கே படித்தவர். விசில் ஊதிக்கொண்டே மைதானத்தைச் சுற்றவிடுவார். "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று பைபிளிலேயே இருக்கு சார்" என்று ஒரு முறை ஒரு பையன் சொல்லிவிட்டான். அவனுக்கு மட்டும் இரண்டு சுற்று கூடுதல்.

இனி, நான் ஏன் இன்னும் போகிறேன் என்று சொல்ல வேண்டும். வட்டத்தில் ஜெபத்துக்கு முன்னால் "யாருக்காவது ஏதாவது இருக்கிறதா?" என்று க்யூ கேட்பார். பாதி நாள் யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள், கூரை வேலை செய்கிற ஒருவர், ஆள் ஆறடிக்கு மேல், ஹாலோ பிளாக்கைப் பொம்மை மாதிரி தூக்குவார், தரையைப் பார்த்துக்கொண்டே "நேற்று அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை" என்றார். அவ்வளவுதான். யாரும் யோசனை சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் அவர் தோளில் இருந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஒரு டீக்கடை பெஞ்சிலோ ஆபீஸ் கேன்டீனிலோ நாம் இதைச் சொல்லியிருப்போமா? நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பிறகு என் அப்பா தவறினார். ஊரிலிருந்து போன் வந்தது இங்கே இரவு பதினொன்றுக்கு. மறுநாள் பயிற்சிக்கு வர முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போட்டேன். விடிகாலை நாலரைக்கு ஒருவர் வண்டியோடு வாசலில் நின்றார், விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக. காரியமெல்லாம் முடித்து மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், வீட்டு முன்னால் புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். மனைவிக்கு அவர்களின் பட்டப்பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிடிக்காததும் உண்டு. சொந்தமாக உருவாக்கிய வார்த்தைகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. முதல் மாதம் வேறு மொழி வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆண்கள் மட்டும் என்பது என் மனைவிக்கு இன்றும் கேலிதான். பெண்களுக்கு ஃபியா என்று தனிக் குழு இருக்கிறது, அதற்கும் போக மாட்டேன் என்கிறாள். எங்கள் இடத்தில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வெறுப்பு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் சிரிக்கும் பழைய டிவி நிகழ்ச்சி ஜோக்குகள் பாதி எனக்கு இன்னும் விளங்குவதில்லை. நடத்துபவர் படித்த பயிற்சியாளர் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை, பிரஷர் இருப்பவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

குளிர்காலத்தில் கையுறை எடுத்துப்போங்கள், உறைந்த தாரில் உள்ளங்கை வைத்தால் தெரியும். முடிந்ததும் காபிக்கு உட்காருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள், இரண்டாவது எஃப் நடப்பது அங்கேதான். நான் ஃபிளாஸ்கில் ஃபில்டர் காபி கொண்டுபோவேன், எனக்கு மிஞ்சுவதில்லை.

ஒரு வருடம் கழித்து என்னையே நடத்தச் சொன்னார்கள். தோப்புக்கரணம் போடவைத்தேன். பிள்ளையார் முன்னால் போடுவது, பள்ளிக்கூடத்தில் தண்டனையாகவும் போடுவது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பின்னால் மறைத்த மாதிரி ஆகக் கூடாது அல்லவா? ஐம்பது போட்டார்கள். "இது ஜெபமா, தண்டனையா?" என்று ஒருவர் மூச்சிரைக்கக் கேட்டார். எண்ணிக்கையைப் பொறுத்தது என்றேன். அதற்கப்புறம் என் முறை வரும்போதெல்லாம் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். மூன்று பேருக்கு மட்டும் எந்தக் கை எந்தக் காதைப் பிடிக்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.