விஷுவல்விஎம் சர்வரோடு இணைய மறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஜாவா அப்ளிகேஷன் உபுண்டு சர்வரில் டாம்கேட் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் புரோகிராம்) மேல் ஓடுகிறது. மதியத்துக்கு மேல் ஆமை வேகம். காரணம் பார்க்கலாம் என்று என் லேப்டாப்பில், ஓடும் ஜாவா புரோகிராமின் உள்ளே நடப்பதைக் காட்டும் விஷுவல்விஎம் என்ற கருவியைப் போட்டேன். சர்வரில் ஜேஎம்எக்ஸ் (ஜாவா புரோகிராமை வெளியிலிருந்து கண்காணிக்கும் வசதி) போர்ட் 9010 என்று கொடுத்து, ஃபயர்வாலிலும் திறந்துவிட்டேன். இருந்தும் இணைப்பு கிடைக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: முதல் வேலையாக ஃபயர்வாலில் அந்த போர்ட்டை மூடிவிடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட் வெளியே தெரிந்தால், யாரோ ஒருவர் தன் புரோகிராமை உங்கள் சர்வரில் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. அதைத் திறக்காமலே வேலை முடியும்.

9010 வெறும் விசாரணை கவுன்ட்டர்தான். அங்கே போனால், 'இந்த முகவரியில், இந்த போர்ட்டில் போய்ப் பேசு' என்று ஒரு சீட்டு கிடைக்கும். அசல் பேச்சு நடப்பது ஆர்எம்ஐ (ஜாவா புரோகிராம்கள் நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் முறை) என்ற இரண்டாவது போர்ட்டில். அதற்கு நீங்கள் எண் கொடுக்காவிட்டால், ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்) ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கைக்குக் கிடைத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அது ஃபயர்வாலில் மாட்டிக்கொள்ளும். முகவரியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உபுண்டுவின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வரின் பெயருக்கு நேரே பெரும்பாலும் 127.0.1.1, அதாவது 'இதே மெஷின்' என்று இருக்கும். சீட்டில் அதுவே எழுதப்பட்டால், உங்கள் லேப்டாப் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, தீர்வு. டாம்கேட்டின் 'பின்' (bin) ஃபோல்டரில் செட்என்வி (setenv.sh) என்ற ஷெல் ஃபைலை உருவாக்குங்கள். அது தானாக இருக்காது. அதில் கேட்டலினா ஆப்ட்ஸ் (CATALINA_OPTS) என்ற வேரியபிளில் ஐந்து விஷயங்கள் வேண்டும்: ஜேஎம்எக்ஸ் போர்ட் 9010, ஆர்எம்ஐ போர்ட்டும் அதே 9010, ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம் 127.0.0.1, அப்புறம் பாஸ்வேர்ட் சோதனையும் எஸ்எஸ்எல் என்ற குறியாக்கமும் ஃபால்ஸ். (சர்வரில் வேறு ஆட்களும் லாகின் செய்வார்கள் என்றால் பாஸ்வேர்டை அணைக்க வேண்டாம்.) இவற்றை ஜாவா ஆப்ட்ஸ் (JAVA_OPTS) வேரியபிளில் எழுதிவிடாதீர்கள். டாம்கேட்டை நிறுத்தும் கட்டளையும் அதைப் படிக்கும். தானும் 9010-ஐப் பிடிக்கப் போய், போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று விழும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதில் முட்டி மோதியிருக்கிறேன்.

டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் டனல் (லேப்டாப்பின் போர்ட்டைச் சர்வரின் போர்ட்டோடு பாதுகாப்பாக இணைக்கும் குழாய்) போடுங்கள். இப்போது லேப்டாப் தன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சர்வரில்தான் திறக்கும். இரண்டு பக்கமும் 9010 ஆகவே இருக்கட்டும். சீட்டில் இருப்பது அந்த எண்தானே. பிறகு விஷுவல்விஎம்மில் லோக்கல்ஹோஸ்ட், 9010 என்று ஜேஎம்எக்ஸ் இணைப்பைச் சேர்த்து, எஸ்எஸ்எல் தேவையில்லை என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள்.

இணைந்ததும் மானிட்டர் பக்கத்தில் ஹீப் (ஜாவா புரோகிராம் பயன்படுத்தும் மெமரி) வரைபடத்தைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் பயமில்லை. வேண்டாத மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் முடிந்து இறங்கும் அடிமட்டம் மணிக்கு மணி உயர்ந்துகொண்டே போனால்தான் மெமரி லீக் (விடுவிக்கப்படாத மெமரி சேர்ந்துகொண்டே போவது) என்று சந்தேகிக்க வேண்டும். சிபியு சும்மா கிடக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் பத்து விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (புரோகிராமின் ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது வேலை இழையும், அந்த நொடியில் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். மூன்றிலும் பாதி த்ரெட்கள் டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கு வரிசையில் நின்றால் ஆள் கிடைத்துவிட்டார். 'மதியத்துக்கு மேல்' என்று நீங்கள் சொல்வதால் என் சந்தேகம் அங்கேதான். சிபியு எகிறினால், நேரத்தைத் தின்பது எது என்று காட்டும் சாம்ப்ளர் பக்கம் போங்கள். ஹீப் முழுவதையும் ஃபைலாக எழுதும் ஹீப் டம்ப் பட்டனில் மட்டும் கை வைக்கும் முன் யோசியுங்கள்: எழுதி முடிக்கும்வரை அப்ளிகேஷன் உறைந்து நிற்கும், ஃபைலும் ஜிபி கணக்கில் வரும்.

நீங்கள் பார்க்கும் நேரத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா? ஜாவா 11 அல்லது அதற்கு மேல் என்றால் ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்யும் ஃப்ளைட் ரெக்கார்டர் கூடவே வருகிறது. டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராக ஜேசிஎம்டி (jcmd) கட்டளையில் மதியம் ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிடுங்கள். சாயங்காலம் அந்த ஃபைலை லேப்டாப்புக்குக் கொண்டுவந்து, இதே விஷுவல்விஎம்மின் 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் திறக்கலாம்.