ஸ்வீடிஷ் இறைச்சி உருண்டை ஏன் இறுகுகிறது, கிரீம் கிரேவி ஏன் திரிகிறது?

வாசகர் கேள்வி: நாங்கள் சென்ற ஆண்டு ஸ்வீடனின் கோதன்பர்க் நகருக்குக் குடிவந்தோம். பள்ளியில் மதிய உணவாகக் கொடுக்கும் இறைச்சி உருண்டையும் கிரீம் கிரேவியும் என் எட்டு வயது மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டதால், வீட்டிலும் கேட்கிறான். கோலா உருண்டை நன்றாகச் செய்வேன் என்ற தைரியத்தில் மூன்று முறை முயன்றேன். இரண்டு முறை உருண்டைகள் கல்லாக இறுகிவிட்டன. ரொட்டித்தூளைக் குறைத்து, நறுக்கிய வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்த்தபோது வாணலியிலேயே உடைந்துபோயின. கடையில் கிடைத்த ‘கிரெட்ஃபீல்’ கிரீமை ஊற்றிக் கொதிக்கவிட்ட கிரேவி திரிந்துவிட்டது. அடுத்த மாதம் வரவிருக்கும் என் மாமியார் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிடமாட்டார். கோழியில் செய்யலாமா?

பதில்: கோழியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு முன், உங்கள் உருண்டை இறுகிப்போவதற்குக் காரணம் உங்கள் கோலா உருண்டைப் பழக்கமே என்பதைச் சொல்லியாக வேண்டும். கோலாவுக்குக் கொத்துக்கறியில் இருக்கும் தண்ணீரைச் சுண்டவைத்து, பொட்டுக்கடலை மாவைச் சேர்த்து, கெட்டியாக உருட்டி, காய்ந்த எண்ணெயில் பொரித்தெடுக்கிறோம்; ஈரம் மிஞ்சினால் கோலா எண்ணெயில் உதிர்ந்துவிடும் என்பதால் அதை ஒட்ட நீக்குவதுதான் அங்கே கைத்திறன். ஸ்வீடனின் இறைச்சி உருண்டையான ஷொட்புல்லாரோ ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும் உருண்டை. அதில் சேரும் ரொட்டித்தூள் மாவைக் கெட்டியாக்குவதற்காக அல்ல, பாலைச் சுமப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. இறைச்சி சூடாகும்போது அதன் புரத இழைகள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. பாலில் ஊறிய ரொட்டியின் மாவுச்சத்து அந்த இழைகளுக்கு நடுவே அமர்ந்து, அவை ஒன்றோடொன்று இறுகிப் பிணையாதபடி தடுப்பதோடு, வெளியேறும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த தூளை அப்படியே கறியில் கொட்டினால், அது கறியின் நீரையே குடித்துவிடும்.

ஆகவே முதல் வேலை ஊறவைப்பது. நான்கு பேருக்கு அரைக் கிலோ கொத்துக்கறி என்று கொள்வோம். உங்கள் ஊர்க் கடைகளில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேர்த்தரைத்த ‘பிளாண்ட்ஃபார்ஸ்’ பொட்டலமாகவே கிடைக்கும். பன்றிக் கொழுப்பு மென்மையையும் மாட்டிறைச்சி சுவையையும் தருவதால், மகனுக்குச் செய்யும்போது அதையே வாங்கலாம். ஸ்வீடிஷ் வீடுகளில் டெசிலிட்டர் அளவுக் கிண்ணம் இல்லாத சமையலறை அரிது என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்: அரை டெசிலிட்டர், அதாவது 50 மி.லி. கொள்ளும் அளவு ரொட்டித்தூளின்மேல் ஒரு டெசிலிட்டர் பாலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கூழைப் போல உப்பி, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாகச் சரிய வேண்டும். சரியாமல் கட்டியாக நின்றால் இன்னும் இரண்டு தேக்கரண்டி பால் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சிறிய வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி ஆறவைத்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை உங்கள் உருண்டைகள் உடைந்ததற்குப் பச்சை வெங்காயமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அது வேகும்போது நீர்விட்டுத் தன்னைச் சுற்றிலும் இடைவெளி உண்டாக்கும், அங்கேதான் உருண்டை பிளக்கும்.

ஊறிய ரொட்டியில் ஒரு முட்டை, வதக்கிய வெங்காயம், ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிதளவு வெள்ளை மிளகுத்தூள், ஒரு மி.லி. கரண்டி ஆல்ஸ்பைஸ் தூள் ஆகியவற்றைக் கலந்த பிறகே கறியைச் சேர்க்க வேண்டும். ஆல்ஸ்பைஸ் என்பது பலசரக்குக் கலவை அன்று. மிளகைவிடச் சற்றே பெரிய, கிராம்பும் பட்டையும் சாதிக்காயும் சேர்ந்தாற்போல் மணக்கும் ஒரே காய். அதன் இடத்தில் கரம் மசாலாவைப் போடும் ஆசை நமக்கெல்லாம் வரும். போட்டால் உருண்டை ருசியாகவே இருக்கும், ஆனால் மகன் பள்ளியில் சாப்பிடும் உருண்டையாக இராது.

பிசையும் நேரத்தில் கவனம் தேவை. உப்பு பட்டவுடன் கறியின் புரதம் கரைந்து பசையாகிறது. அந்தப் பசைதான் உருண்டையைப் பிணைக்கிறது. சப்பாத்தி மாவைப் போலப் பலம் கொடுத்துப் பிசைந்தால் பசை மிகுந்து, உருண்டை சாசேஜைப் போல ரப்பராகத் துள்ளும். எல்லாம் ஒன்றாகக் கலந்து, விரல்களில் இலேசாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, கலவையை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். கொழுப்பு இறுகி, ரொட்டி ஈரத்தை முழுவதும் வாங்கிக்கொள்வதால் உருட்டுவது எளிதாகும். உருட்டும்போது கையில் எண்ணெய் வேண்டாம், குளிர்ந்த தண்ணீரே போதும். நெல்லிக்காய் அளவில், ஏறக்குறைய 20 கிராம் எடையில் உருட்டினால் 35 உருண்டைகள் வரை வரும். எல்லாவற்றையும் உருட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் பொரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள்; உப்பையும் பதத்தையும் திருத்திக்கொள்ள அப்போதுதான் வாய்ப்பு இருக்கிறது, இந்தப் படியை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

பொரிப்பது வெண்ணெயில், அடி கனமான அகன்ற வாணலியில். வெண்ணெய் உருகியதும் சலசலக்கும். அதிலுள்ள நீர் ஆவியாகும் ஓசை அது. ஸ்வீடிஷ் சமையற்காரர்கள் ‘வெண்ணெய் மௌனமாகட்டும்’ என்று சொல்வார்கள். நுரை அடங்கி, ஓசை ஓய்ந்து, கடலை வறுத்தாற்போன்ற மணம் எழும் அந்த நொடியில் உருண்டைகளைப் போட வேண்டும். அதற்கு முன்பே போட்டால் நீரில் வெந்து வெளுத்துப்போகும், தாமதித்தால் வெண்ணெய் கருகி, பின்னால் செய்யப்போகும் கிரேவியும் கசக்கும். உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்காமல் இரண்டு மூன்று தவணையாகப் பொரியுங்கள். முதல் இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானாகவே வாணலியை விட்டு விலகும்போது, கரண்டியால் புரட்டாமல் வாணலியின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கினால் உருண்டைகள் உருண்டோடி எல்லாப் பக்கமும் சிவக்கும். மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. இறைச்சி வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், ஏனெனில் அரைத்த கறியில் கிருமிகள் மேற்பரப்பில் மட்டுமன்றி உள்ளேயும் கலந்திருக்கும்.

இனி கிரேவி. நீங்கள் ஊற்றிய கிரெட்ஃபீல் சமையல் கிரீம் அன்று. அது 12 சதவீதக் கொழுப்புள்ள, நம் தயிரைப் போலப் புளிக்கவைக்கப்பட்ட கிரீம். குளிர்ந்த நிலையிலேயே உண்ணத் தக்கது. புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் புரதம் திரியும் என்பதை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள்: மோர்க்குழம்பை நாம் கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்குவது இதனால்தானே. கடையில் கிரீம் பெட்டிகள் பலவும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருப்பதால், புதிதாக வந்தவர் மாற்றி எடுப்பது இயல்பே. நீங்கள் தேட வேண்டிய பெயர் ‘விஸ்ப்கிரெட்டே’. 36 முதல் 40 சதவீதம் வரை கொழுப்புள்ள, புளிப்பேறாத கிரீம் அது, கொதித்தாலும் திரிவதில்லை.

உருண்டைகளைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டு, வாணலியைக் கழுவாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவுதான் கிரேவியின் உயிர். அதில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் அதே அளவு மைதாவும் இட்டு, மைதாவின் பச்சை வாசனை போய் இளம்பழுப்பாகும் வரை கிளறி, மூன்று டெசிலிட்டர் சூடான இறைச்சிச் சாற்றை (கடைச் சாற்றுக் கட்டியை வெந்நீரில் கரைத்தது) சிறிது சிறிதாக ஊற்றி, அடியைச் சுரண்டிக் கரைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு இரண்டு டெசிலிட்டர் கிரீம் சேர்த்து, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் மெல்லக் கொதித்தால், கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு கலையாமல் நிற்கும் பதம் வரும். ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் நிறத்துக்கும் ஆழமான சுவைக்கும் சேர்க்கப்படுகிறது; சீனச் சரக்காயிற்றே என்று தயங்க வேண்டாம், ஸ்வீடிஷ் வீடுகளில் இந்தக் கிரேவிக்குச் சோயா இயல்பான பொருளே. சாற்றுக் கட்டியிலும் சோயாவிலும் உப்பு இருப்பதால், உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள். உருண்டைகளைக் கிரேவியில் நெடுநேரம் ஊறவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பொரித்த மேற்புறம் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். பரிமாறும் முன் இரண்டு நிமிடம் இட்டு சூடேற்றுங்கள், அல்லது மேலே ஊற்றிக் கொடுங்கள்.

பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும் லிங்கொன் என்னும் சிறிய சிவந்த புளிப்புப் பழமும் இருக்க வேண்டும். உறைந்த லிங்கொனை, எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையோடு அடுப்பில் வைக்காமலேயே கிளறிவைத்தால் போதும். அப்பழத்தில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சமைக்காமலே குளிர்பெட்டியில் கெடாமல் இருக்கும். கிரீமின் கொழுப்பை வெட்டும் புளிப்பு அது ஒன்றுதான், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள்.

மாமியாருக்குச் செய்யும் கோழிக் கொத்துக்கறியில் கொழுப்பு குறைவு. பாலுக்குப் பதிலாக விஸ்ப்கிரெட்டேயில் ரொட்டித்தூளை ஊறவைப்பதும், கிடைத்தால் தொடைக்கறியை அரைத்துப் பயன்படுத்துவதும் அந்தக் குறையை ஈடுசெய்யும். கலவை தளர்வாக இருக்கும் என்பதற்காக ரொட்டித்தூளை அள்ளிக் கொட்டாமல், ஒரு மணி நேரம் குளிரவைத்து உருட்டுங்கள். நடுவில் 75 டிகிரி வரை வேக வேண்டும். ஒரு முக்கியமான செய்தி: கிரேவிக்கான சாற்றுக் கட்டிகள் பலவும் மாட்டிறைச்சியிலோ கன்றிறைச்சியிலோ செய்தவை. கோழி அல்லது காய்கறிச் சாறு என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், அவருக்கான உருண்டைகளை மகனுக்கான உருண்டைகளுக்கு முன்பே, சுத்தமான வாணலியில் பொரித்துவிடுங்கள்.

மீந்த உருண்டைகளை ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை வைத்திருக்கலாம். மறுநாள் அவற்றை இரண்டாக வெட்டி, மயோனைஸில் கலந்த பீட்ரூட் சாலட்டோடு ரொட்டியின்மேல் அடுக்கிச் சாப்பிடுவது ஸ்வீடனில் வழக்கம். மகனின் மாலைச் சிற்றுண்டிக்கு அது பொருத்தமாக இருக்கும்.