இரண்டு பத்தியோடு நின்றுபோகும் கதை

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். தங்கமுனை விருது எழுத்துப் போட்டிக்கு ஒரு சிறுகதை அனுப்ப ஆசை. பல மாதங்களாக எழுதுவதும் அழிப்பதுமாகவே போகிறது. இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை. அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம். என் தமிழ் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. கதை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒரு தாத்தாவைப் பற்றியது. காலையில் காப்பிக்கடைக்கு வந்து ‘கோப்பி ஓ கொசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) சொல்லிவிட்டு, சில்லறையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக் காத்திருப்பார். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் தமிழ் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு பத்திகளையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கதை, ‘கீழ்வானம் செந்நிறம் பூண, மெல்லிய தென்றல் தவழ்ந்த அவ்வினிய காலைப் பொழுதில்’ என்று தொடங்குகிறது. கடிதத்திலோ தாத்தா சில்லறையை அடுக்குகிறார். கடிதத்தில்தான் ஆள் உயிரோடு இருக்கிறார். எனக்கு எழுதும்போது தாத்தாவைப் பார்த்தீர்கள், கதை எழுத உட்கார்ந்ததும் நடுவர்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள். எழுதும்போதே மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் இரண்டு பத்திதான் வரும்.

அதனால் கதையை எனக்கு இன்னொரு கடிதமாக எழுதுங்கள். நோட்டில், பேனாவால். கணினியில் அழிப்பது ரொம்பச் சுலபம். தினமும் 15 நிமிடம் போதும், ரயிலில் இடம் கிடைத்தால் அங்கேயே. சொல் வரவில்லையா, ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதி வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். அடுத்து என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் தொடங்கத் திணற வேண்டியிருக்காது. அப்போதும் கடைசி வரியை மட்டும் படியுங்கள், முழுக்கப் படித்தால் திருத்தத்தான் கை போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாம் பத்தியில் தாத்தாவின் பழைய நாள்கள் வர வேண்டும். 1968-ல் அந்தத் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தபோது அவர் அங்கேயே இருந்தாரா? 1971-ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது என்ன செய்தார்? உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பேனா நின்றுபோவது இயல்புதான். முதலில் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அவரிடமே கேளுங்கள். (கதையில் பெயரையும் புளோக்கையும் மாற்றிவிடுங்கள். உங்களை நம்பிப் பேசுகிறவர் அவர்.) அப்புறம் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979-ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன; பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

தூக்கமும் கெட்டு, எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள்.

கதை முடிந்ததும் ஒரு வாரம் நோட்டை மூடி வையுங்கள். பிறகு சத்தமாகப் படித்துத் திருத்துங்கள். வட்டம் போட்ட சொற்களை அப்போது பார்த்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை பார்க்க நல்ல தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். முடிவதற்கு முன் யாரிடமும் காட்ட வேண்டாம், என்னிடமும்கூட.